பொந்துக்குள் இருந்தவளும் அரசாங்கத்து அத்திமரமும்

ஒரு காட்டில், சிங்கம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு காட்டில், சிங்கத்தின் பெயரால் அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. ஆணை வரும், முத்திரை இருக்கும், சிங்கம் மட்டும் இருக்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதையும் மனுவாக எழுதித் தரச் சொல்வார்கள்.

அந்தக் காட்டில் துளசிமணி என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தாள். அவள் வீட்டுக்காரன் ஆறுக்குட்டி எல்லைப் படையில் சிப்பாய். இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே இருப்பவளுக்குச் சிறகு உதிர்ந்துவிடும். குஞ்சு பறக்கத் தயாராகும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆறுக்குட்டி ஊட்டினான். முட்டை பொரிந்து குஞ்சு வந்த பிறகும் ஊட்டினான். எல்லை பக்கத்து மேட்டில்தான் இருந்தது. காவல் மாறியதும் தொண்டை நிறையப் பழத்தோடு வந்துவிடுவான். ஊட்டிக்கொண்டே படைக் கதைகளை அளந்து விடுவான். அதில் பாதி புளுகு என்று துளசிமணிக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னொன்று சொல்லச் சொல்வாள்.

ஒரு நாள் பக்கத்துக் காட்டுக் குரங்குப் படை எல்லை தாண்டி வந்தது. ஆறுக்குட்டி எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். அவன் அலகின் மேலிருந்த மஞ்சள் கொண்டையை மட்டும்தான் தேக்கிலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மரியாதை பிரமாதமாக நடந்தது. மரங்கொத்திகள் வரிசையாக நின்று தட்டின. மயில் ஒன்று தோகையைத் தாழ்த்தி உருக்கமாகப் பேசியது. மைனாக்கள் இலைக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டன. "வீரன் குடும்பத்தைக் காடு கைவிடாது. ஆற்றங்கரை அத்திமரம் இனி அந்தக் குடும்பத்துக்கே சொந்தம்!" என்று அறிவித்தார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. துளசிமணி எல்லாவற்றையும் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது மயிலின் வால் மட்டும்தான். பிறகு எல்லோரும் கலைந்து போனார்கள். உள்ளே இருப்பவள் சாப்பிட்டாளா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே குஞ்சு பசியில் கத்தியது.

அத்திமரம் 'குடும்பத்துக்கு' என்றார்களே தவிர, குடும்பம் என்றால் யார் என்று சொல்லவில்லை. மறுநாளே மாமியார் பழனாத்தாளும் கொழுந்தன் வேலுக்குட்டியும் அலுவலகத்து வாசலில் நின்றார்கள். அங்கே குமாஸ்தாவாக இருந்தது ஒரு உடும்பு. ஒரு விதியைப் பிடித்தால் விடாது.

"பெத்தவ நானுங்க. என்ற பையன் மரம் எனக்குத்தானுங்க" என்றாள் பழனாத்தாள்.

"அண்ணன் இல்லாத எடத்துல தம்பி இருக்கறதுதானுங்க மொறை" என்றான் வேலுக்குட்டி.

"மனைவி?" என்றது உடும்பு.

"அவ வூட்ட வுட்டு வெளியவே வரமாட்டாளுங்க. அத்தன வீம்பு!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

விசாரணைக்கு உடும்பு மரமேறி வந்தது. பின்னாலேயே மாமியாரும் கொழுந்தனும் வந்து ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்தார்கள். துளசிமணி இடுக்கில் அலகை நீட்டினாள்.

"முழு முகம் தெரியணும்மா. மனுதாரர் நேர்ல வரணும்னு விதி இருக்கு. செவுத்த ஒடச்சுட்டு வாங்க."

"ஒடச்சா மரநாய் உள்ள வந்து கொழந்தையத் தின்னுபோடுமுங்க. எனக்குச் சிறகும் இல்லீங்க."

"அதுக்கெல்லாம் விதியில இடமில்லையேம்மா. சரி, இதச் சொல்லுங்க. உங்க இனத்துல ஒருத்தர் குடும்பம்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? தாலியா, மோதிரமா?"

துளசிமணிக்குப் பசி காதை அடைத்தது. வாயில் வந்த உண்மையைச் சொன்னாள்.

"அதெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க. பொந்துக்குள்ள இருக்கறவளுக்கு யாரு பழம் ஊட்டறாங்களோ, அவங்கதான் குடும்பம்."

உடும்புக்கு முகம் மலர்ந்தது. "ஊட்டுபவரே உறவினர்! எவ்வளவு தெளிவா இருக்கு! ஊட்டறது யாருன்னு நேர்ல பாத்துட்டு உத்தரவு போடறேன்."

அது சொல்லி வாயை மூடவில்லை, இரண்டு கிளைகளும் காலியாகிவிட்டன. சற்று நேரத்தில் பழனாத்தாள் மூச்சிரைக்க வந்து, "தின்னு சாமி, என்ற ராசாத்தி" என்று இடுக்கில் பழத்தைத் திணித்தாள். துளசிமணி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து மாமியார் அவளை ராசாத்தி என்று கூப்பிட்டது கிடையாது. பின்னாலேயே வேலுக்குட்டி வந்தான். "அம்மா, நகருங்க. அண்ணி, இது நல்லாப் பழுத்ததுங்க, இதத் தின்னுங்க. குமாஸ்தா ஐயா, பாத்துக்கிட்டீங்கல்ல?"

துளசிமணி தின்றாள். குஞ்சுக்கும் ஊட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டையும் பழத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

அன்றிலிருந்து பொந்து வாசலில் ஒரே போட்டி. பொழுது விடியுமுன் வேலுக்குட்டி. அவனை முந்திக்கொண்டு பழனாத்தாள். எதிர்க்கிளையில் உடும்பு வெயில் காய்ந்தபடி குறித்துக்கொண்டே இருந்தது. தூரத்தில் போய்ப் பழம் தேட இருவருக்கும் பயம். அந்த நேரத்தில் மற்றவர் ஊட்டிவிட்டால்? அதனால் இருவரும் பக்கத்திலிருந்த ஆற்றங்கரை அத்திமரத்திலிருந்தே பறித்து வந்தார்கள். வழக்கே அந்த மரத்துக்குத்தான் என்பதை யாரும் நினைக்கவில்லை. உள்ளே இருந்தவள் மட்டும் ருசியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்து, இன்னொரு பழம் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் உடும்பு கிளம்பிப் போன பிறகும் பழனாத்தாள் தனியாக வந்தாள். பழத்தை ஊட்டிவிட்டு இடுக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் சின்னப் பையனா இருக்கையில இப்படித்தான் அலகை நீட்டுவான். ஒன்னு குடுத்தா இன்னொன்னு கேப்பான்."

"எங்கிட்டப் பொய்யாச் சொல்லுவாருங்க அத்தை. நூறு குரங்கை ஒத்தையாத் தொரத்துனேம்பாரு."

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அந்த அழுகையில் கலப்படமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழனாத்தாள் கிளம்பினாள். இரண்டு கிளை தாண்டியவள் திரும்பி வந்து, "நாம்பாட்டுக்கு நேரங்கெட்ட நேரத்துல வந்து ஊட்டியிருக்கறன். குமாஸ்தாகிட்ட மறக்காமச் சொல்லிப்போடு" என்றாள்.

கொஞ்ச நாளில் உடும்பு உத்தரவோடு வந்தது. "விசாரணை முடிஞ்சதும்மா. நாளைக்குப் படிச்சிடறேன்."

துளசிமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். உத்தரவு படித்தால் யாராவது ஜெயிப்பார்கள். ஜெயித்தவருக்கு ஊட்ட வேண்டிய அவசியம் இல்லை; தோற்றவருக்கு ஊட்டிப் பிரயோஜனம் இல்லை. குஞ்சுக்கு இன்னும் சிறகு சரியாக முளைக்கவில்லை.

"குமாஸ்தா ஐயா, எனக்கொரு ஆட்சேபணை இருக்குதுங்க" என்றாள்.

உடும்பு தலையை நிமிர்த்தியது. ஆட்சேபணை என்ற சொல்லைக் கேட்டு அதற்கு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"எங்க வூட்டுக்காரர் பழத்தை அலகுல திருப்பிப் போட்டுத்தான் ஊட்டுவாருங்க. அத்தையும் தம்பியும் அப்படியே திணிக்கறாங்க. மொறைப்படி ஊட்டாதவங்க எப்படிங்க குடும்பமாவாங்க?"

"நியாயமான கேள்வி!" என்று உடும்பு உத்தரவைச் சுருட்டி வைத்துவிட்டு வாய்தா போட்டது. மறுநாளிலிருந்து இருவரும் பழத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஊட்டினார்கள். அது முடிந்ததும், பழத்தில் புழு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊட்டுவது வழக்கம் என்றாள் துளசிமணி. அதற்கும் வாய்தா. பிறகு, ஊட்டும்போது ஏதாவது கதை சொல்ல வேண்டும் என்றாள். வேலுக்குட்டி திக்கித் திணறிக் கதை சொன்னான். ஆறுக்குட்டி மாதிரி ஒருநாளும் வரவில்லை. ஆனாலும் குஞ்சு கேட்டுக்கொண்டே தின்றது, தின்று கொழுத்தது, ஒரு நாள் பொந்துக்குள் சிறகை விரித்து அம்மாவின் முகத்தில் அடித்தது.

அன்றைக்குத் துளசிமணி சுவரைக் கொத்தி உடைத்தாள். அவளுக்கும் புதுச் சிறகு முளைத்திருந்தது. குஞ்சைக் கூட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள். "வந்துட்டனுங்க. முழு முகமும் பாத்துக்குங்க. இனிமே ஆட்சேபணை இல்லீங்க. உத்தரவைப் படிங்க."

உடும்பு படித்தது: "ஊட்டுபவரே உறவினர். எனவே தாயும் தம்பியும் வீரனின் குடும்பம் என்று தீர்மானிக்கப்படுகிறது. மனைவி எனப்படுபவர் விசாரணைக் காலம் முழுவதும் யாருக்கும் ஊட்டியதாக வெளியிலிருந்து பார்த்த சாட்சி இல்லை. அவர் பிறர் ஊட்டத் தின்றவர் மட்டுமே. மரத்தில் அவருக்குப் பங்கில்லை."

பழனாத்தாளும் வேலுக்குட்டியும் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு ஆற்றங்கரைக்குப் பறந்தார்கள். போய்ப் பார்த்தால் மரத்தில் காய் இல்லை, கனி இல்லை. இவர்கள் விழுந்தடித்துப் பறித்ததில் அடுத்துக் காய்க்க வேண்டிய சிறு கிளைகள்கூட முறிந்து தொங்கின.

"மொட்டையாக்கிட்டயேடா, பாவி!" என்றாள் தாய்.

"நானா? நேரங்கெட்ட நேரத்துல பறிச்சது யாரு?" என்றான் மகன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளையில் துளசிமணி குஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். அது அப்பாவைப் போலவே இருந்தது. அவன் இதைப் பார்க்காமல் போய்விட்டானே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

"அம்மா, நமக்குக் குடுத்த மரம் எங்க?" என்று கேட்டது குஞ்சு.

"அதைத்தான் கண்ணு நீ தின்னுபோட்டே" என்றாள் துளசிமணி.

நீதி: வழக்கில் ஜெயிக்கப் பாடுபடாதீர்கள், அது முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களைப் பட்டினி போட இருந்த சொந்தக்காரர்களே வரிசையில் நின்று ஊட்டிவிடுவார்கள்.