அம்மன் ஏறாத ஜீப்

ஜீப்பின் பின்பக்கம், அம்மன் உட்காரவேண்டிய பலகையில், ஆட்டம் பார்க்க வைத்த தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்த ருக்குமணி தொப்பலாக நனைந்திருந்தாள்.

“இதுக்குப் பேரு வெள்ளோட்டமா, குளியலா?” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

ஓட்டிக்கொண்டிருந்த காளியண்ணன் வண்டியை அடுத்த பள்ளத்தில் இறக்கினார். தோட்டத்துத் திருவிழாவில் வருடா வருடம் அம்மன் ஊர்வலம் வருவது அவருடைய ஜீப்பில்தான். அதைவிட்டால் அவருக்கு வேறு பெருமை கிடையாது. போன வருடம் தேயிலைச் சரிவு முழுக்க அம்மன் ஆடிக்கொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தவர், கூசிப்போனார். வண்டி கனமாக இருந்தால் ஆடாது என்று அவராகவே முடிவுகட்டினார். லோரி அச்சும் லோரிச் சக்கரங்களும் வாங்கி மாட்டினார். பழையதை இரும்புக்கடைக்குப் போட்டார்.

ஆட்டம் நின்றது. குதிப்பது ஆரம்பித்தது.

“கனம் பத்தல லா!” என்று இன்னும் தடிமனான பட்டை ஸ்பிரிங் போட்டார். அடுத்த வெள்ளோட்டத்தில் குடமே எகிறித் தேயிலைக்குள் விழுந்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், ஜீப் நேராகக் கங்காணி வீட்டு வேலியை நோக்கிப் போனது.

பிரிஞ்சாங் டவுன் மெக்கானிக் சலாஹுதீன் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? ஸ்பிரிங்குக்கு மேல உள்ள கனத்த ஸ்பிரிங் தாங்கும். கீழ தொங்குற கனத்த யாரு தாங்குறது? பள்ளத்துல வீல் எகிறுனா, கனமான வீலு சட்டுன்னு கீழ வராது. அது ரோட்டத் தொடுறதுக்குள்ள வளைவே முடிஞ்சிரும்!”

“அப்ப பழையதையே மாட்டிரு தம்பி.”

“கொண்டாங்க, மாட்டுறேன்.”

காளியண்ணன் இரும்புக்கடைக்கு ஓடினார். எல்லாம் உருக்குவதற்கு ஈப்போவுக்குப் போய்விட்டதாம்.

கோயில் கமிட்டி, அதே தோட்டத்துச் சிங்காரத்தின் புது வேனை ஊர்வலத்துக்கு எடுத்து மாலை போட்டது. காளியண்ணன் முதன்முறையாகக் கூட்டத்தில் நின்று ஊர்வலம் பார்த்தார். வேன் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மன் இம்மிகூட அசையவில்லை. இப்படித்தானே நம் வண்டியில் வந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கெட்ட புத்தி, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்கத்தில் தட்டோடு நின்ற கொழுந்து பறிக்கும் அன்பரசி, சூடத்தைக் காட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணே உங்க வண்டிய எடுக்கல? அதுல வந்தா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆத்தா ‘சரி, சரி’ன்னு தலையாட்டுவா. இந்த வருஷம் யாரு வேண்டுதலுக்கும் பதிலே சொல்லாமப் போறாளே!”