டேங்க் இல்லாத ஹீட்டர் வைத்த வகையில்

கரமனை,
திருவனந்தபுரம்,
மார்ச் 14.

தக்கலையில் இருக்கும் அன்புள்ள சம்பந்தி ராஜமணி அவர்களுக்கு, கரமனை பூதலிங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சரோஜமும் சுகம். எங்கள் குழாய்களும் நேற்று முதல் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளை பிரவின்ராஜும், என் மகள் ரெம்யாவும், அவள் வயிற்றில் இருப்பவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

போன மாதம் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பிரசவத்துக்கு ரெம்யா இங்கயே இருக்கட்டும். இங்க சோலார் உண்டு, பைப்பத் தொறந்தா வெந்நீரு. அங்க சரோஜம் அந்த முட்டுவலிய வச்சிக்கிட்டு அடுக்களையிலேருந்து வாளி வாளியாட்டு சுமக்கணும்லா?" என்றீர்கள். ரெம்யாவும் அம்மாவிடம், "அம்மா, நீ கஷ்டப்படண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தம்பானூரில் முப்பத்தொரு வருஷம் லாட்ஜ் மானேஜராக இருந்து, ஐம்பத்திரண்டு அறைக்கு காலை ஐந்து முதல் எட்டு வரை வெந்நீர் கொடுத்தவன் நான். என் மகளுக்கு வெந்நீர் இல்லை என்று ஒருவர் சொல்லலாமா? அன்றைக்கே தீர்மானித்தேன்.

சாலைக் கடைவீதியில் விசாரித்தேன். டேங்க் வைத்த ஹீட்டர் பழைய ஏற்பாடு. தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சும். டேங்க் இல்லாதது அப்படி அல்ல. தண்ணீர் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் சூடாகிவிடும். விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. சுவரில் மாட்டுகிறவருக்கு ஐந்நூறு. வீட்டுக்கு வந்து, "சரோஜம், பத்தாயிரம் ரூவாயில காரியம் தீந்தாச்சு" என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் அனில் வந்தான். நல்ல பையன், வேலைக்காரன், ஆனால் எதையும் பார்த்தவுடன் "அய்யோ" என்று சொல்லித்தான் தொடங்குவான். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "அய்யோ சாரே, இது எட்டு கிலோவாட்டாக்கும். ஒங்க வயரு இதத் தாங்காது. மீட்டர்லேருந்து தனியா கனத்த வயரு இழுக்கணும், எர்த் புதுசா போடணும், பின்னே வீட்டுக்கு சிங்கிள் பேஸ் போதாது" என்றான். போதாது என்றால் போதாதுதான். த்ரீ பேஸுக்கு மின்சார அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசி, பணத்தையும் அதே மரியாதையோடு வாங்கிக்கொண்டாள். பதினோராம் நாள் புது மீட்டர் வந்துவிட்டது. நம் தெருவில் த்ரீ பேஸ் உள்ள வீடுகள் இரண்டுதான் சம்பந்தி. ஒன்று நம்முடையது. மற்றது மாவுமில்.

ஹீட்டரை மாட்டி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு நிறுத்தி, குழாயைத் திறந்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் மட்டும் கிணற்றில் இருந்தபடியே வந்தது. பிளம்பர் ஷாஜியைக் கூப்பிட்டோம். அவர் குழாயடியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தண்ணி நூலாட்டுல்லா வருது. வேகமாட்டு வந்தாத்தான் இந்த மெசினுக்கு ஆள் வந்திருக்குன்னு தெரியும். ஒரு பிரஷர் பம்பு வையுங்க" என்றார். வைத்தேன். எண்ணாயிரத்துச் சொச்சம். பம்பை ஓட்டியதும் தண்ணீர் வேகமாகத்தான் வந்தது, ஆனால் குழாய் வழியாக வரவில்லை, அடுக்களைச் சுவர் வழியாக வந்தது, அங்கே சரோஜம் மீன் கழுவிக்கொண்டு நின்றாள், நடந்ததை நான் விவரிக்கவில்லை, அவள் பேசியதையும் எழுதப்போவதில்லை, அன்று வாங்கிய அயலை மீன் அரைக் கிலோவும் ஓடையோடு போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீடு கட்டிய காலத்து இரும்புக் குழாய். உள்ளுக்குள் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. இந்த ஹீட்டர் வாங்காவிட்டால் அந்த உண்மை நமக்குத் தெரிந்திருக்குமா?

குழாய் முழுக்க மாற்றுவதற்குச் சுவரை உடைத்தார்கள். சுவரை உடைத்ததில் குளியலறை டைல்ஸ் போயிற்று. அந்த இளநீல டைல்ஸ் இப்போது ஒரு கடையிலும் கிடையாது. ஒரு சுவர் வெள்ளையும் மூன்று சுவர் நீலமுமாக இருந்தால் நீங்கள் வரும்போது என்ன நினைப்பீர்கள்? ஆகவே நாலு சுவரும் மாற்றினேன். தரை மட்டும் என்ன பாவம் செய்தது? அதையும் மாற்றினேன்.

குளியலறை உடைந்து கிடந்த இந்தப் பத்தொன்பது நாளும் எங்கே குளித்தீர்கள் என்று கேட்பீர்கள். பழைய லாட்ஜில்தான். தினம் காலை ஐந்தரை பஸ்ஸில் நானும் சரோஜமும் துண்டும் சோப்புமாகத் தம்பானூருக்குப் போவோம். புது மானேஜர் தங்கமான பிள்ளை, நூற்றேழாம் நம்பர் அறையைத் திறந்து கொடுப்பான். ஆறாம் நாள் பஸ்ஸில் கண்டக்டர், "ரண்டுபேரும் தினமும் லாட்ஜிலேக்கா?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராத்திரி சாப்பாடு போடும்போது சரோஜம், "முப்பத்தொரு வருசம் நீங்க அங்க கெடந்தது போதாதுன்னு, இப்ப என்னையும் கொண்டுபோயாச்சு" என்றாள். அவள் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்துகிற ஆள் நானில்லை.

நேற்று வேலை முடிந்தது. அனில் பொத்தானை அமுக்கினான், ஷாஜி குழாயைத் திறந்தார், பச்சை விளக்கு எரிந்தது, ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது! சரோஜம் ஒரு விரலை நீட்டி, "ஆமா, சுடுதுதான்" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வருவது பெரிய காரியம். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ஆயிற்று. சிட்டிச் சீட்டு விழுந்த பணம் சரியாக இருந்தது. ஆனால் யாராவது கேட்டால் ஹீட்டருக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றே சொல்லுங்கள், அதுதான் உண்மை. மீதியெல்லாம் வீட்டுக்குச் செய்தது.

எனவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் நாலு பேர், ஏழு வகைப் பலகாரத்தோடு ரெம்யாவைக் கூட்டிவர வருகிறோம். இனிமேல் சரோஜம் ஒரு வாளிகூடச் சுமக்க வேண்டாம் என்று ரெம்யாவிடம் சொல்லுங்கள். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த வீடும், ஓயாத குழாயும் கிடைக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெ. பூதலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மாடம்மாள் வந்தாள். பிள்ளை பெற்ற பெண்களைக் குளிப்பாட்டுவதில் இந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. நாற்பத்தொரு நாளைக்கும் அவளைத்தான் பேசி வைத்திருக்கிறோம். ஹீட்டரை ஓட்டிக் காட்டினேன். பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எலைய எதுல போடணும்?" என்று கேட்டாள். என்ன இலை என்றேன். "புளியெல, ஆமணக்கெல, நொச்சி, எல்லாம் போட்டு வார்ப்புல கெடந்து கொதிக்கணும் சாரே. வெறும் பைப்பு வெந்நீர பெத்த ஒடம்புல நான் ஊத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சரோஜத்தைப் பார்த்தேன். "ரெம்யாவப் பெத்தப்ப எனக்கும் அப்படித்தான ஊத்துனாவ" என்றாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேட்டியளா?" என்றாள்.

கொல்லையில் அடுப்புக் கூட்டியாகிவிட்டது. நாற்பத்தொரு நாளும் தண்ணீர் சுமப்பது நான். சரோஜம் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். அந்த அளவு பெரிய பாத்திரம் மட்டும் எங்களிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெம்யாவோடு உங்கள் வீட்டு வார்ப்பையும் கொடுத்தனுப்பினால் உபகாரமாக இருக்கும். விறகுக்குக் கவலை வேண்டாம். பழைய குளியலறைக் கதவு இருக்கிறது.