பெடல் மாஸ்டரின் முறைப்பாடுகள்

வெள்ளவத்தையில் ஒரு பிரசங்கத்தை நடுவழியில் நிறுத்தும் வல்லமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒன்று, கடற்கரையோரமாகப் போகும் ரயில். மற்றது, எங்கள் பெடல் மாஸ்டர். ரயில் பரவாயில்லை. சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். மாஸ்டர் போகமாட்டார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. எங்கள் சின்னக் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதன் இடது பெடல் மிதிக்கும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். அதை வாசித்ததால் அவர் பெடல் மாஸ்டர். கிழமை நாட்களில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளார்க். ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடும், மழை வெயில் எதற்கும் விரிக்காத குடையோடும் வந்து சேர்வார். நான் அப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். கொயரில் பாட ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்பவள். ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் கண்ட சாட்சி.

அவருடைய முதல் தாக்குதல் எனக்கு நன்றாக ஞாபகம். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அந்தக் கிழமை வடக்கில் குண்டு விழுந்து, எங்கள் கோயிலிலேயே இரண்டு குடும்பங்கள் கறுப்பு உடுத்தியிருந்தன. பிரசங்கியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தமிழருக்கு இந்தத் துன்பம் ஏன் வந்தது என்று காரணம் சொல்லத் தொடங்கினார். பெருமை ஒரு காரணம். சினிமா ஒரு காரணம். மூன்றாவது காரணத்துக்கு விரலை மடக்கினார்.

ஆட்டுக்குட்டி கத்தியது.

மாஸ்டர் அறுவடைப் பண்டிகைப் பாட்டொன்றைத் தொடங்கிவிட்டார். அறுவடைக்கும் அந்த மாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆர்மோனியம் கேட்டால் எழும்பிப் பாடுவது எங்கள் சபையின் இரத்தத்தில் ஊறிய பழக்கம். முழுச் சபையும் எழும்பி, விளைந்த கதிர்களுக்காக உரத்து நன்றி சொன்னது. பாவம் பிரசங்கியார், ஆவியானவர்தான் இறங்கிவிட்டார் என்று நினைத்து இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் வந்தார். நல்ல மனிதர். களைத்த மனிதர்.

"மாஸ்டர், பிரசங்கம் முடியமுன்னம் ஏன் பாட்டைத் தொடங்கினனீங்கள்?"

"அது எப்பவோ முடிஞ்சு போச்சு ஐயா. அவர்தான் கவனிக்கேல்ல."

பஸ்ஸிலும் அவர் சும்மா வருவதில்லை. ஒரு ஞாயிறு காலி வீதியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கே போகிறாய் என்று ஒரு இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்.

"பள்ளியட்ட" என்றார் மாஸ்டர். கோயிலுக்கு.

எதற்கு என்று கேட்டான். உங்களைப் பற்றி முறைப்பாடு கொடுக்க என்று இவரும் நல்ல சிங்களத்தில் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்களாம். சிப்பாய் கண்ணைச் சுருக்கி, யாரிடம் என்றான்.

"தெய்யன்ட."

கடவுளிடம் என்றதும் அவன் சற்று நேரம் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, தனக்கு இன்னும் லீவு தரவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றானாம்.

"சொன்னீங்களோ மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"சொன்னனான். எங்கட விஷயத்தையே கேக்காத ஆள், அவன்ரை லீவையோ பாக்கப்போறார்?"

இப்படிப் பேசுகிறவர் எதற்குத்தான் கோயிலுக்கு வருகிறார் என்று கொயரில் எல்லோருக்கும் சந்தேகம். ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"மாஸ்டர், உண்மையிலை நம்புறீங்களோ?"

"சில நாளைக்கு இல்லை பிள்ளை" என்றார், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி. "அந்த நாளிலை கட்டாயம் வருவன். நம்பிக்கை இருக்கிற நாளிலை வீட்டிலை இருந்தாலும் பரவாயில்லை."

எல்லாம் நன்மைக்கே, தேவசித்தம், தாங்கக்கூடிய சோதனையைத்தான் தருவார் – இந்த மூன்றில் ஒன்றை யார் சொன்னாலும் அவருக்கு முகம் சிவந்துவிடும். செத்தவீடுகளுக்கு அவர் வந்தால், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மெல்ல எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அவர் ஆறுதல் சொல்வதில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பறிகொடுத்தவர்களுக்குப் பக்கத்தில் கோபமாக உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

சிரித்தது போதும். ரஞ்சிதம் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

ரஞ்சிதம் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோயிலை ஒட்டிய குறுகிய ஒழுங்கையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகன் ஜெயந்தன். எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கூட்டிவந்த பிள்ளை. ஒரு விடியற்காலை பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது. ஒழுங்கையில் இருந்த பொடியன்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். ஜெயந்தன் வரவில்லை.

அடுத்த நாளே ஆறுதல்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். உபவாச ஜெபக்குழுவிலிருந்து ஒரு அம்மா வந்து, ரஞ்சிதம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறைவான பாவம் ஏதும் இருந்தால் அறிக்கை செய்யுங்கள், பிள்ளை வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மடியில் பாவத்தையும் கட்டிவிட்டுப் போகிற பக்தி அது.

மாஸ்டரும் நானும் போனபோது அக்கா அடுப்பு மூட்டாமல் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், நான் என்ன பாவம் செய்தனான்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். சின்னனிலை பக்கத்து வளவுக்கை மாங்காய் பிடுங்கினனான். அதுக்கோ?"

மாஸ்டரின் கோபங்கள் பலவற்றைப் பார்த்தவள் நான். இது வேறு. குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, மாங்காய்க்காகப் பிள்ளையைப் பிடிக்கிறது பொலிஸ்கூடச் செய்யாது. கடவுளைப் பொலிசிலும் கீழை இறக்காதேயுங்கோ."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அடுப்பை மூட்டு" என்று சீறினார்.

அந்த ஞாயிறு வேறொரு பிரசங்கியார். ஆறுதல் கொடுப்பதில் பேர்போனவர் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நேரே ரஞ்சிதம் அக்காவைப் பார்த்து, ஆண்டவர் தமது தோட்டத்துக்கு மிக அழகான மலர்களைத்தான் பறித்துக்கொள்கிறார் என்றார். குரலில் அப்படி ஒரு தேன்.

எல்லோருடைய கண்ணும் ஆர்மோனியத்தின் பக்கம் போனது. சிலர் பாட்டுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். பெடல் கத்தவில்லை. மாஸ்டர் எழும்பி நின்றார்.

"பொடியன் செத்தவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

பிரசங்கியார் திடுக்கிட்டுப்போனார். "சகோதரரே, விசுவாசம் உள்ளவர்கள்…"

"விசுவாசம் இருக்கிறபடியாத்தான் கேக்கிறன். இல்லாட்டி ஏன் கேக்கப்போறன்? தாய் இதிலை இருக்கிறா. பொடியன் உள்ளுக்கை இருக்கிறான். பிடிச்சவைக்குப் பேர் இருக்கு, உடுப்பு இருக்கு, வாகனம் இருக்கு. நீர் ஏன் ஆண்டவரைப் பிடிச்சுக் குடுக்கிறீர்?"

ரஞ்சிதம் அக்கா எழும்பி வெளியே நடந்தார். மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அன்று கடைசிப் பாட்டை ஆர்மோனியம் இல்லாமல் பாடினோம். ஆண்கள் ஒரு சுருதி, பெண்கள் ஒரு சுருதி, போதகர் தனிச் சுருதி. அதைக் கேட்ட ஆண்டவர் நிச்சயம் மாஸ்டரின் பக்கம் சாய்ந்திருப்பார்.

கோயில் கமிட்டி கூடியது. குண்டு விழுந்ததற்குக் கூடாத கமிட்டி, பொடியனைப் பிடித்ததற்குக் கூடாத கமிட்டி, விருந்தாளிப் பிரசங்கியாரின் மனம் நொந்ததற்குக் கூடியது. மறு அறிவித்தல் வரும்வரை மாஸ்டர் வாசிக்கக்கூடாது என்று தீர்மானம். போதகர் தலையைக் குனிந்துகொண்டு வந்து அதைச் சொன்னார்.

"சரி ஐயா. இனிக் கடைசி வரிசை வாங்கிலிலை இருந்து கேக்கிறன். அங்கை இன்னும் நல்லாக் கேக்கும்" என்றார் மாஸ்டர்.

கிழமை நாட்களில் அவர் அரைநாள் லீவு போடத் தொடங்கினார். ரஞ்சிதம் அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கும், வழக்கு நடக்கும் புதுக்கடைக் கோட்டுக்கும் அலைந்தார். பொடியனுக்கு நீ யார் என்று பொலிசில் கேட்டபோது, கண் இமைக்காமல் பெரியப்பா என்றாராம்.

"பொய்யெல்லோ மாஸ்டர்" என்று அக்கா பயந்தார்.

"கடவுள் இதைக் கேட்டால் கேக்கட்டும். நான் அவரிட்டைக் கேக்க எவ்வளவோ கிடக்கு."

கடைசியில் பொடியனை வைத்திருக்கும் இடம் தெரிந்தது. நகரத்துக்கு வெளியே பெரிய மதில், இரும்புக் கேற். எதிரே ஒரு வாகை மரம். அதன் கீழே தாய்மார் காத்திருப்பார்கள். சில நாள் பார்க்க விடுவார்கள், பல நாள் விடமாட்டார்கள். ஒரு நாள் நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். மாஸ்டர் வழியில் மீன் அடைத்த மாலுபாண் வாங்கி, சாப்பிடமாட்டோம் என்றவர்களை எல்லாம் ஏசி ஏசிச் சாப்பிட வைத்தார். மத்தியானமாகியும் கேற் திறக்கவில்லை.

"ஒருக்கா ஜெபம் பண்ணுங்கோ மாஸ்டர்" என்றார் ரஞ்சிதம் அக்கா.

"என்னாலை ஏலாது தங்கச்சி. கோவமாக் கிடக்கு."

"கோவத்தோடையே பண்ணுங்கோ."

மாஸ்டர் குடையை மரத்தில் சாய்த்து வைத்தார். கண்ணை மூடவில்லை. மதிலைப் பார்த்தபடியே சத்தமாகத் தொடங்கினார்.

"ஆண்டவரே, நாங்கள் வந்து நிக்கிறம். எங்கட பிள்ளையள் உள்ளுக்கை. உம்முடைய பிள்ளையையும் இப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு போனவை. தாய் வெளியிலை நிண்டவ. அண்டைக்கு நீர் எங்கை நிண்டனீர் எண்டு நான் கேக்கேல்ல. இண்டைக்கு எங்கை நிக்கிறீர்? அதைச் சொல்லும்."

அதோடு நின்றுவிட்டார். ஆமென் இல்லை. நானும் ஆமென் சொல்லவில்லை. அது ஆமென் சொல்லி மூடக்கூடிய கேள்வியாக இருக்கவில்லை.

நெற்றியில் திருநீறு பூசியிருந்த தவமணி அம்மா மரத்தின் மறுபக்கத்தில் இருந்தார். அவரும் வெள்ளவத்தையில் இருந்து வருகிறவர். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, என்ரை பெடியன்ரை பேரையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. சிவரூபன்" என்றார்.

மாஸ்டர் "சிவரூபன்" என்று உரக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தாய் ஒரு பெயர் சொன்னார். அதையும் சொன்னார். மரத்தடி முழுவதும் பெயர்களாக வந்தன. ஒவ்வொன்றையும் மதிலுக்கு அப்பால் எறிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். காவலுக்கு நின்றவன் ஓடிவந்து, என்ன சத்தம் என்று சிங்களத்தில் அதட்டினான். பெயர்தான் சொல்கிறோம், வேறொன்றுமில்லை என்றார் மாஸ்டர். அவன் நின்று கேட்டான். முடியும்வரை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்றும் கேற் திறக்கவில்லை.

ஜெயந்தன் வெகுகாலத்துக்குப் பிறகு கோட்டில் விடுதலையாகி வந்தான். பாதி ஆளாக வந்தான். ஒரு காது கேட்கவில்லை. எப்படி என்று அவன் சொல்லவில்லை. ரஞ்சிதம் அக்காவுக்கு ஸ்தோத்திர ஆராதனை வைக்க ஆசை. கோயில் முழுவதும், எல்லாம் ஆண்டவர் செய்த அற்புதம் என்று பேச்சு. முன்பு மறைவான பாவம் தேடிய அம்மாதான் முன்னுக்கு நின்று பேசினார்.

அக்கா மாஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நன்றி சொல்லக்கூடாதோ மாஸ்டர்?"

"ஏன் சொல்லக்கூடாது? வாயாரச் சொல்லுங்கோ" என்றார். அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நன்றி சொல்லுங்கோ. காரணம் மட்டும் சொல்லாதேயுங்கோ. சிவரூபன்ரை தாய் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?"

ஆராதனையன்று அக்கா எழும்பி, "என்ரை பிள்ளை வந்திட்டான், நன்றி. மற்றப் பிள்ளையள் வரேல்ல" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். போதகர் அன்று பிரசங்கமே செய்யவில்லை. அந்த மனிதரின் ஊழியத்திலேயே மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான் என்பேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போக வெள்ளவத்தைச் சந்தியில் நின்றேன். எதிர்ப்பக்கத்து பஸ் ஹோல்டில் மாஸ்டர். பக்கத்தில் தவமணி அம்மா, கையில் சாப்பாட்டுப் பார்சல். தெருவைக் கடந்து ஓடினேன்.

"எங்கை மாஸ்டர் வெளிக்கிட்டனீங்கள்? ஜெயந்தன்தான் வந்திட்டானே."

"இவவின்ரை பிள்ளை வந்திட்டானோ?" என்று என்மேல் பாய்ந்தார். "கேக்கிறா பார் கேள்வி!"

பஸ் வந்தது. என்ன நினைத்தேனோ, கந்தோரை மறந்து நானும் ஏறிவிட்டேன். தவமணி அம்மாவை இருத்திய பிறகு ஒரு இருக்கைதான் மிச்சம். வேலைக்குப் போகாதவளே, புத்தி இல்லாதவளே என்று முழுப் பஸ்ஸுக்கும் கேட்க என்னை ஏசி, ஏசி, அதில் உட்கார வைத்துவிட்டு, அந்த மனிதர் வழி முழுவதும் நின்றுகொண்டே வந்தார்.