விலை பேசும் முன்பே வைத்த பொட்டு

"அடியே பாக்கியம், யாருடி அப்புடிச் சொன்னா? மருமக புடுங்கி எடுத்துத்தான் நான் மாட்ட வித்தேனாமா? ஐயோ சாமி! ரஞ்சனி மேல பழியப் போடாதீங்கடி. செவலை போனதுக்கு ஒரே காரணம் நாந்தான். என்னோட இந்தக் கையும் ஒரு கட்டிக் கற்பூரமும். கொடத்த எறக்கி வச்சுட்டு ஒக்காரு, சொல்றேன்."

என் மகன் செல்வம் பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். சீசன் காலத்தில் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களை ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு ஏற்றிப் போவான். மற்ற நாட்களில் நுவரெலியா பார்க்க வருகிறவர்கள். வருமானம் முதலாளிக்கு, முதுகுவலி இவனுக்கு. சொந்தமாக ஒரு சின்னக் கார், அதுவும் புதுக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். (பழசு வாங்குனா கராஜ்லதான் குடியிருக்கணும்னான். அதுவும் சரிதானேடி?)

லீசிங் கம்பனி ஒரு பங்கு தருவதாகச் சொன்னது. அவன் சேர்த்து வைத்தது, ரஞ்சனியின் சீட்டுக் காசு எல்லாம் போட்டும் இரண்டு லட்சம் இடித்தது. எங்கள் வீட்டில் இரண்டு லட்சத்துக்கு விலை போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். என் செவலை மாடு.

"கவலப்படாதீங்கம்மா. பேசி ரெண்டு லட்சத்தக் கொறச்சுட்டா செவலை நம்மகிட்டயே நிக்கும். கொறயலன்னா..." என்று நிறுத்திவிட்டு மாட்டைப் பார்த்தான். மாடும் அவனைப் பார்த்தது.

செல்வம் காரியக்காரன்தான். கம்பளையில் ஒரு இடம், கண்டியில் இரண்டு இடம் என்று மூன்று இடத்தில் முன்கூட்டியே விசாரித்திருந்தான். ஒரே கார்தான், ஆனால் மூன்று விலை. ஒருவர் குறைந்த விலையைச் சொல்லிவிட்டு சீட் கவர், கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர், பதிவுச் செலவு என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாராம். "அதெல்லாம் வேணாங்க, கார் ரோட்டுக்கு எறங்குற மொத்த வெலைய ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்று மூன்று பேரிடமும் கேட்டு வாங்கி, மூன்று தாளையும் பைலில் வைத்திருந்தான். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பைலை அவன் கக்கத்தில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தே, இவன் இலேசில் ஏமாற மாட்டான் என்று தெரிந்தது.

காரியத்தைக் கெடுக்க வேறு ஆள் வேண்டுமே. அதற்குத்தான் நானும் கூடப் போனேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ். நாவலப்பிட்டி தாண்டும் வரை எனக்குப் பாடம் நடந்தது.

"அம்மா, அங்க ஒரு வார்த்த பேசக் கூடாது."

"பேசல."

"காரப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

"அது எப்புடிடா?"

"புடிக்காத மாதிரி மொகத்த வச்சுக்கங்க. நம்ம ஆசப்படுறோம்னு தெரிஞ்சா ஒரு ரூவா கொறைக்க மாட்டாங்க. நான் எந்திரிச்சா நீங்களும் எந்திரிச்சுருங்க. வாசல் வரைக்கும் போவோம். அவங்களே திரும்பக் கூப்புடுவாங்க."

"கூப்புடலன்னா?"

"கூப்புடுவாங்கம்மா!"

பிடிக்காத முகத்தை அப்போதே பழகிப் பார்த்தேன். கொண்டக்டர் ஓடி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "வாந்தி வந்தா இதுல எடுங்க ஆத்தா" என்றார்.

கண்டியில் கார்க் கடை வாசலிலேயே அது நின்றது. வெள்ளைக் கார். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் ஜீப்பைக் கூட நான் அவ்வளவு பளபளப்பாகப் பார்த்ததில்லை. குனிந்தால் என் மூக்குத்தி கூடத் தெரிந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். (சிரிக்கலடி, சத்தியமா. பல்லு மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்.)

மெனேஜர் ஒரு சிங்கள ஐயா, அவர்கள் பாஷையில் மாத்தயா. தமிழும் நன்றாகப் பேசினார். தேத்தண்ணி கொடுத்தார். செல்வம் பைலைத் திறந்து, "கம்பளையில இந்த வெலதான் சொல்றாங்க மாத்தயா" என்று ஆரம்பித்தான். அவர் தலையை ஆட்டினார். இவன் தாளைத் தட்டினான். அரை மணி நேரத்தில் ஐம்பதாயிரம் இறங்கியது. மேலும் கொஞ்சம் பேசி ஒரு லட்சம் இறங்கியது. செவலையின் பின்னங்கால் இரண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் முள் தெரியும். மணி பத்தே கால். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும்.

எங்கள் லயத்து வீடுகளில் புதிதாக எது வந்தாலும், அது தையல் மெஷின் ஆனாலும் தண்ணித் தாங்கி ஆனாலும், நல்ல நேரத்தில் பொட்டு வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் கை வைப்போம். மாரியம்மன் கோயில் பூசாரி, "பத்தரைக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லித்தான் எலுமிச்சம்பழமும் தேங்காயும் கட்டிக் கொடுத்திருந்தார். இவர்கள் பேச்சோ பன்னிரண்டானாலும் முடியாது போலிருந்தது. விலையை ராகு காலத்திலும் பேசலாம், பூசை போட முடியுமா? செல்வம் பேசாதே என்றான், சிரிக்காதே என்றான். பூசை போடாதே என்று சொல்லவில்லையே.

'பாத்ரூம்' என்று கை காட்டிவிட்டுப் பூசைப் பையோடு வெளியே வந்தேன்.

நெற்றியில் வைப்பது போல முன்பக்கத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். தட்டில் கற்பூரம் ஏற்றி, காரை மூன்று சுற்றுச் சுற்றினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அடுத்தவர் வண்டியில் பன்னிரண்டு வருஷம் ஓடிய பிள்ளையல்லவா?

அந்த நேரம் உள்ளே நடந்ததைச் செல்வம் பிறகு சொன்னான். மெனேஜர் ஒன்றரை லட்சம் வரை இறங்கிவிட்டாராம். இன்னும் ஐம்பதாயிரம்தான். செல்வம் கடைசி ஆயுதத்தை எடுத்திருக்கிறான். பைலை மூடி, எழுந்து நின்று, "பரவாயில்லைங்க மாத்தயா. உண்மையச் சொன்னா எங்கம்மாவுக்கு இந்தக் கார் சுத்தமாப் புடிக்கல. கம்பளையில ஒரு செவப்புக் கார் இருக்கு, அதுதான் அவங்க மனசுல நிக்குது" என்றானாம்.

மெனேஜர் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தார். சரியாக அந்த நொடியில்தான் நான் தேங்காயை உடைத்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். நான் தட்டோடு வாசலுக்கு ஓடி, "தம்பி, சீக்கிரம் வாடா! கற்பூரம் அணையப் போகுது. நம்ம காரத் தொட்டுக் கும்புடு!" என்று கூப்பிட்டேன்.

செல்வத்தின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மெனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார்.

"பூசை முடிஞ்சுதானே. இனி அது ஒங்க கார். நான் கொறச்சுச் சொன்னது கார் புடிக்காத ஆளுக்கு."

"இல்ல மாத்தயா, எங்கம்மா எந்தக் காரப் பாத்தாலும் இப்புடித்தான் செய்வாங்க" என்றான் செல்வம்.

"அப்ப கம்பளை செவப்புக் காருக்கும் செஞ்சாங்களா?"

மகனுக்கு உதவி செய்ய இதுதான் சமயம் என்று நினைத்தேன். "இல்லைங்க மாத்தயா, இதுக்கு மட்டுந்தாங்க. நான் ஒரு தேங்காதானே கொண்டாந்தேன்!"

மெனேஜர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். செல்வம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

செய்ததை அழித்துவிடலாம் என்று திரும்ப ஓடினேன். முந்தானையால் பொட்டைத் துடைக்கத் துடைக்க அது பரவி, வெள்ளைக் கார் மண்டை உடைந்த ஆள் மாதிரி ஆனது. போதாததற்குத் தேங்காய்ச் சில் ஒன்று தெறித்து, பம்பரில் நகக் கீறல் அளவுக்கு ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகு செல்வம் கம்பளையைப் பற்றிப் பேசவில்லை. முழு விலைக்கு அட்வான்ஸ் கட்டினான். மெனேஜர் நல்ல மனுஷன், கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், குங்குமமும் வைத்துக்கொண்டார். காலடியில் போடுகிற றப்பர் விரிப்பு நான்கும் ஒரு குடையும் சும்மா கொடுத்தார். விலையில் மட்டும் ஒரு சதம் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கினிகத்தேனை ஏற்றத்தில்தான் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறான் என்று பதறி முகத்தைத் திருப்பினால், பையன் சிரிக்கிறான்.

"ஒரு தேங்காதானே கொண்டாந்தேன்! ஏம்மா, ரெண்டு கொண்டு போயிருந்தா என்னதான் செஞ்சிருப்பீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்ப் பிரிவு ராமையா வந்து செவலையைப் பிடித்துப் போனார். விலை பேசுகிற நேரத்தில் செல்வம் என்னைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டான். இரண்டு லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் வைத்து விற்றானாம். நான் வந்து பார்த்தபோது கயிறு மட்டும் கிடந்தது. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது வீட்டில் பால்மாவு கரைத்த தேத்தண்ணிதான். கார் நன்றாக ஓடுகிறது. சீசனுக்கு ஒரு நாள் ஓய்வில்லை. அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிற வேலையும் எனக்கு இல்லை.

ஆனால் இந்த வீட்டில் இனி யார் எதை விலை பேசினாலும் என்னைப் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறார்கள். பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் வாசல் ஏறும் முன்னே கற்பூர டப்பாவைக் காணோம். தேடிப் பார்த்தால் ரஞ்சனி அதை அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.

"இரு பாக்கியம், மீன்காரர் ஹோன் அடிக்கிறாரு. போன வாரம் சாளைக்கு யானை வெல சொன்னாரு, இன்னைக்கு நான் போயிப் பேசுற பேச்சுல... தட்ட எடுத்துட்டு வாறேன்."

உள்ளேயிருந்து ரஞ்சனியின் குரல் வந்தது:

"அத்தை! வெல பேசி முடியிற வரைக்கும் மீனுக்குப் பொட்டு வச்சுறாதீங்க!"

"கேட்டியாடி? இதத்தான் சொன்னேன். நகரு, அவரு போயிரப் போறாரு."