கழுதைப்பாறைக் குட்டைக்கு ஒரு டோக்கன்

ஒரு காட்டில் செம்பாயி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். அது எந்த மாவட்டத்துக் காடு, பின்கோடு என்ன என்றெல்லாம் கேட்கக் கூடாது, கேட்டால் கதை நகராது. செம்பாயிக்கு ஒன்பது குட்டிகள். வாய் கொஞ்சம் நீளம். மூக்கு அதைவிட நீளம்.

அந்த மூக்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் காடே பிழைத்தது. கோடை வந்தால் கரடி வந்து நிற்கும், கடமான் வந்து நிற்கும், யானைகூட வந்து நிற்கும். "செம்பாயி, தண்ணி எங்கே இருக்குது?" என்று கேட்பார்கள். அவள் மூக்கைத் தூக்கி இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, "தெக்கால போங்க. ஆவாரம் புதரைத் தாண்டி ஒரு முழம் தோண்டுங்க" என்பாள். தோண்டினால் தண்ணீர் வரும். யாரும் நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. கேட்க நாலு பேர் வருகிறார்களே என்கிற பெருமை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட வந்து சேர்ந்தான் துரைசிங்கம் என்கிற குரங்கு. பிறந்து வளர்ந்ததெல்லாம் நெடுஞ்சாலை டோல்கேட்டில். காரில் போகிறவர்களின் கையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கியே உலக ஞானம் சம்பாதித்தவன். யானைக்குட்டியின் பின்பக்கம் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து புங்கமரத்தடியில் இறக்கி, பிரவுசிங் சென்டர் திறந்தான். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பேசுகிற பன்றியை நம்பியவர்கள் இதையும் நம்பலாம்.

அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் பாரம் எழுதித் தர வேண்டும், அதுவும் இரண்டு நகல். நெட் கனெக்ட் ஆகும்போது பாம்பு வாயில் அகப்பட்ட தவளை மாதிரி ஒரு சத்தம் வரும். சித்திரை மாதம் "தண்ணீர் எங்கே?" என்று கேட்டால், மழை பிடித்து வெள்ளம் போகிற நேரத்தில் பதில் வந்து சேரும். ஆனால் அந்தப் பதில் பிரிண்ட் எடுத்த காகிதத்தில் வந்ததே. அதற்கு ஒரு மரியாதை உண்டல்லவா.

ஒரு கோடையில் செம்பாயி தெற்கு என்றாள், காகிதம் வடக்கு என்றது. மொத்தக் காடும் வடக்கே போய் வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. "பிரிண்ட்ல மை சரியா விழலை" என்று கரடி சொன்னது. எல்லாரும் ஆமாம் என்றார்கள். செம்பாயிக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு ஒரு பெரிய கிழங்குக்காட்டையே உழுது தள்ளினாள்.

பிறகு பெட்டி சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்தது. உள்ளங்கை இல்லாதவர்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். கரடி தேன்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தேன்கூட்டைப் பிய்ப்பது எப்படி என்று வீடியோ பார்த்தது. ஒரு நாள் புள்ளிமான் ஒன்று புலியை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, "புலி வந்தால் செய்ய வேண்டிய ஐந்து விஷயங்கள்" படிக்க ஆரம்பித்தது. புலி பாயவில்லை. அது "மானை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது நல்லது" என்று படித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் சார்ஜ் தீர்ந்த பிறகு, வெட்கத்தோடு அவரவர் வழியே போனார்கள்.

செம்பாயி இரண்டு கோடை வரை பிடிவாதமாக இருந்து பார்த்தாள். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாத மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் அவளும் ஒரு போன் வாங்கினாள். குளம்பால் தொட்டால் திரை அசையவில்லை, மூக்கால் தொட்டால் அசைந்தது. அன்றிலிருந்து அந்த மூக்குக்கு அதுதான் வேலை.

இப்படி இருக்கும்போது ஒரு கொடிய கோடை வந்தது. ஓடைகள் காய்ந்து, மிஞ்சியது கழுதைப்பாறைக் குட்டை ஒன்றுதான்.

அந்தக் குட்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் இருபதடி முன்னாலேயே நின்று, தான் இன்னார் என்று குரல் கொடுக்க வேண்டும். "பன்றி வருது." "மான் வருது." "புலி வருது, வயிறு நிறைஞ்சிருக்குது." மற்ற விஷயங்களில் அந்தக் காட்டார் எப்படியோ, இதில் மட்டும் ஒருவரும் பொய் சொன்னதில்லை. புலி ஒரே ஒரு நாள் மான் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அங்கே யார் தலையைக் குனிந்து தண்ணீர் குடிப்பது?

மலைக்கு மேலே காட்டு நிர்வாகம் என்று ஒன்று இருந்தது. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அறிவிப்பு மட்டும் வரும். குட்டையில் நெரிசலாம், அதைத் தவிர்க்க வேலி போட்டாயிற்றாம், இனிமேல் போனில் பதிவு செய்து டோக்கன் வாங்கி வந்தால்தான் தண்ணீராம். வேலிக் கதவுக்குக் காவலாக ஆள்காட்டிக் குருவி சின்னக்கண்ணுவைப் போட்டிருந்தார்கள். நல்லவன்தான். ஆனால் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால் நல்லவனுக்கும் கழுத்து கொஞ்சம் விறைத்துப் போகும்.

செம்பாயி ஒன்பது குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு போய், இருபதடிக்கு முன்னால் நின்று, "பன்றி வருது" என்றாள்.

"வாங்கக்கா. டோக்கன் இருக்குதா?" என்றான் சின்னக்கண்ணு.

"தண்ணி அங்கே தெரியுது. என் குட்டிங்க நாக்கு இங்கே தெரியுது. நடுவுல எதுக்குடா டோக்கன்?"

"எனக்கும் தெரியுதுக்கா. சிஸ்டத்துக்குத் தெரியலையே."

அவள் அங்கேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள். பெயர், தகப்பன் பெயர், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, வாலின் நீளம், எல்லாம் மூக்கால் அழுத்தி அழுத்திப் போட்டாள். கடைசியில் ஒரு கேள்வி வந்து நின்றது. நீங்கள் மனிதர்தானா? ஆம், இல்லை.

குட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு யார் என்று கேட்டால் அவளுக்கு ஒரே பதில்தான் தெரியும். "இல்லை" என்று அழுத்தினாள்.

"மன்னிக்கவும். நீங்கள் ஒரு இயந்திரமாக இருக்கக்கூடும். நாளை முயற்சி செய்யவும்" என்றது போன்.

"நான் எப்போடா இயந்திரம் ஆனேன்?" என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். வேலி ஓரமாக யானை நின்றது, கரடி நின்றது, புலி நின்றது. எல்லாரும் இயந்திரங்கள். "நானும் இல்லைன்னுதான் போட்டேன். பின்னே என்னன்னு போடறது?" என்றது யானை. துரைசிங்கம் மட்டும் வேலிக்கு உள்ளே வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பாறைமேல் படுத்திருந்தான்.

இரண்டாம் நாளும் செம்பாயி இல்லை என்றே போட்டாள். மூன்றாம் நாள் காலையில் கடைக்குட்டி எழுந்து நிற்கவில்லை. நக்கிப் பார்த்தாள், முட்டிப் பார்த்தாள். அது கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. குட்டைக்கரையில் கொடுக்கிற ஒரு குரலுக்காகப் பிள்ளையைச் சாகவிட முடியுமா? யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆம்" என்று அழுத்தினாள். அழுத்தியதும் உடம்பெல்லாம் கூசியது.

"நன்று. அப்படியானால் பஸ் உள்ள படங்களைத் தேர்வு செய்யவும்" என்றது போன்.

பஸ் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெட்கத்தை விட்டுத் துரைசிங்கத்திடம் போனாள்.

"இதுக்குத்தான் மூணு நாளா காத்துட்டு இருந்தேன். தனித்தனியா சொல்ல முடியாதுக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றான் அவன். புங்கமரத்தடியில் வகுப்பு தொடங்கியது. முன்வரிசையில் முயல்கள், பின்வரிசையில் யானை. துரைசிங்கம் ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினான். "இது பஸ். உள்ளே பாதிப் பேரு, வெளியே தொங்கறது மீதிப் பேரு. இது சிக்னல். சிவப்பு வந்தா நிக்கணும்னு எழுதியிருக்கும், யாரும் நிக்க மாட்டாங்க."

"ஏன் நிக்க மாட்டாங்க?" என்று புலி கேட்டது.

"இப்படிக் கேள்வி கேட்டீங்கன்னா மனுசனா ஆக முடியாதுண்ணே. ரெண்டு தடவை தப்பாத்தான் வரும். மூணாவது தடவை கோவத்துல எதையாவது பட்டுப்பட்டுன்னு தட்டுங்க, ஏத்துக்கும். அவங்களும் அப்படித்தான் பண்றாங்க."

மதியத்துக்குள் காடு முழுக்க மனிதராகிவிட்டது. செம்பாயி மூன்றாவது தடவை கோபப்பட வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே இருந்த கோபமே போதும். டோக்கன் வந்தது, கதவு திறந்தது. கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டாள். அது ஒரு வாய் குடித்தது, இருமியது, இன்னொரு வாய் குடித்தது, வாலைச் சுழற்றியது. செம்பாயி அன்று அழுதாள். தண்ணீருக்குள் நின்று அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

நான்கு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் கதவில் பூட்டுத் தொங்கியது. சின்னக்கண்ணு அறிவிப்பை வாசித்தான். "இக்காட்டில் பதிவு செய்தவர்கள்: மனிதர் 618, விலங்கு பூஜ்யம். விலங்கே இல்லாத காட்டில் விலங்குகளுக்கான குட்டை தேவையில்லை என்பதால் இன்று முதல் மூடப்படுகிறது."

"டேய், என்னைப் பாருடா. நான் யாரு?" என்றாள் செம்பாயி.

"நீங்க பன்றிதான்க்கா. ஆனா இதுல மனுசின்னு இருக்குதே. கண்ணால பாக்கறதை எல்லாம் நான் எழுத முடியுங்களா?"

திருத்தம் செய்ய ஒரு பக்கம் இருந்தது. அதில் தன்னை விலங்கு என்று மாற்றக் கேட்டாள். "விலங்கு என்பதை நிரூபிக்க, காற்றை முகர்ந்து, அருகிலுள்ள நிலத்தடி நீரின் திசையைக் குறிப்பிடவும்" என்று வந்தது. செம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் தூக்கினாள். உறிஞ்சினாள். திரும்பவும் உறிஞ்சினாள். பிளாஸ்டிக் வாசனையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவசரமாகப் போனில் "தண்ணீரை முகர்வது எப்படி" என்று தேடினாள். அருகிலேயே கழுதைப்பாறைக் குட்டை இருப்பதாகவும், அது தற்காலிகமாக மூடப்பட்டிருப்பதாகவும் போன் சொன்னது. மற்ற 617 பேருக்கும் அதே கதிதான்.

செம்பாயி வேலியோரம் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். யோசிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. முடிவில் எழுந்து, "மனுசங்கன்னு ஆகிப்போச்சு. மனுசங்க தண்ணி இல்லைன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"புகார் குடுப்பாங்க" என்றான் துரைசிங்கம்.

அவள் போனைத் திறந்து புகார் எழுதினாள். "618 மனிதர்கள் வசிக்கும் எங்கள் ஊரில் இன்று காலையிலிருந்து குடிநீர் இல்லை."

மறுநாள் விடிந்ததும் ஒரு தண்ணீர் லாரி வந்தது. வேலிக் கதவருகே நின்றது. சின்னக்கண்ணு சல்யூட் அடித்துப் பூட்டைத் திறந்தான். லாரிக்காரர் பெரிய குழாயைக் குட்டைக்குள் இறக்கித் தொட்டியை நிரப்பினார், வெளியே வந்தார், பத்தடி தள்ளி நிறுத்தினார், ஹாரன் அடித்தார். காடு மொத்தமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. "என்ன இருந்தாலும் லாரித் தண்ணி தனி ருசி" என்றது கரடி. குட்டிகள் குடித்துக் கொழுத்தன. செம்பாயி வரிசையில் முன்னால் போனவனைத் திட்டக் கற்றுக்கொண்டாள், குடத்தைப் போட்டு இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அந்த ஊருக்குத் தலைவி மாதிரி ஆகிவிட்டாள்.

பத்து நாளில் குட்டை வற்றியது. யாரும் கவலைப்படவில்லை. லாரி மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போய், அங்கிருந்த குட்டையிலிருந்து எடுத்து வந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பன்றி வந்தாள். விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. பின்னால் ஏழு குட்டிகள், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. லாரி ஒழுகவிட்டுப் போன ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

"அக்கா, எங்க குட்டை வத்திப்போச்சு. குட்டிங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வாய் குடுத்தாப் போதும். எனக்கு வேண்டாம்" என்றாள்.

செம்பாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கடைக்குட்டி அம்மாவின் காலடியில் வந்து ஒட்டிக்கொண்டு, "அம்மா, அவங்க நம்மள மாதிரியே இருக்காங்க" என்றது.

"கிட்டப் போகாதே, கடிச்சிடும்" என்று அதை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டு, செம்பாயி போனைத் திறந்து புகார் எழுதினாள். "ஊருக்குள் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது. குழந்தைகள் நடமாடும் இடம். உடனே நடவடிக்கை எடுக்கவும்."

நீதி: மனிதராவதற்குப் பஸ்ஸை அடையாளம் தெரிந்தால் போதும். பன்றியை அடையாளம் தெரியக் கூடாது.