கோல்பி கையெழுத்திட்ட தாளும் நான் எழுப்பிய ஆட்சேபணையும்

பிராட்வெல், நெப்ராஸ்கா
பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மார்னியின் கணவனும், இவ்வூரில் இருபத்தாறு ஆண்டுகளாக நிலப் பத்திரங்களும் உயில்களும் எழுதிவரும் வழக்கறிஞனுமாகிய லைல் ஹாக்பெர்க் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் இடப்பக்க விலா நீங்கலாக. அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

கடந்த புதன்கிழமை பள்ளி விளையாட்டரங்கில் என்ன நடந்தது என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டதாகவும், மார்னி சிரிப்பை நிறுத்தாததால் தங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை என்றும் அறிகிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன். எங்கள் மகன் கோல்பி அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரியில் ஃபுட்பால் ஆடப்போகிறான் என்பது முடிவாகிவிட்டது. அந்த முடிவு எப்படி வந்தது என்பது நம் குடும்பத்துக்கு வெளியே தெரிய வேண்டாம். இவ்விரண்டையும் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

கோல்பி மூன்று ஆண்டுகள் பள்ளி அணியின் தற்காப்பு வரிசையில் நின்று, பந்தோடு ஓடி வருகிறவர்களை இடுப்பில் பிடித்துத் தூக்கி வீழ்த்தியவன் என்பது தாங்கள் அறிந்ததே. அவனோடு ஆடிய இருவருக்குக் கல்லூரிகள் உதவித்தொகையோடு அழைப்பு அனுப்பின. இவனுக்கு ஒன்றும் வரவில்லை. "இன்னும் நாலு வருஷம் ஆடணும்பா, அவ்வளவுதான். காசெல்லாம் அப்புறம்" என்று அவன் சொன்னபோது பார்வை என் மேல் இல்லை, தட்டின் மேல் இருந்தது. அதைப் பார்த்த பிறகு, ஒரு தந்தை என்ற முறையிலும் சட்டம் படித்தவன் என்ற முறையிலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவனுடைய ஆட்டங்களை ஒரு வீடியோவாகத் தொகுத்து முப்பத்துநான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினேன். நான் சும்மா இருந்திருக்கலாம் என்பது மார்னியின் கருத்து. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கடந்த மே மாதம் கிழக்கே உள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து (பெயர் வேண்டாம்) ஒரு கடிதம் வந்தது. "உங்கள் மகனை எங்கள் மைதானத்தில் காண ஆவலாக இருக்கிறோம்" என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. கீழே தலைமைப் பயிற்சியாளரின் கையொப்பமும் இருந்தது. இதை ஒரு முன்மொழிவு என்று கொண்டு, கோல்பியிடம் உறுதியானபின் சொல்லலாம் என எண்ணி, மூன்று பக்கத்தில் ஏற்புக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான அட்டையும் திரும்பி வந்தது. ஆகவே ஜனவரியில் பள்ளிப் பயிற்சியாளர் பர்க்ஹார்ட், கல்லூரி அணியில் சேர்வதாக ஊரறியக் கையெழுத்திடும் அந்தக் கையெழுத்து நாளன்று மேசையில் உட்காரப்போகும் மாணவர்களின் பெயர்களைச் சேகரித்தபோது, கோல்பியின் காரியம் முடிந்துவிட்டது என்று நான் நல்லெண்ணத்துடன் தெரிவித்தேன். அவரும் நம்பிப் பட்டியலில் சேர்த்துவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகையிலும் பெயர் வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"லைல் சார், இது அழைப்பு இல்ல, விளம்பரம். கோடை முகாமுக்குப் பணம் கட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. நம்ம ஸ்கூல்ல முப்பது பேருக்கு வந்திருக்கு. பேண்டுல ட்ரம்பெட் ஊதுற பையனுக்குக்கூட வந்துச்சு."

"காண ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறதே?"

"ஆவலாத்தான் சார் இருப்பாங்க. தலைக்கு இருநூறு டாலர்."

கையெழுத்து நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. பெயர் அச்சாகிவிட்டது, கல்லூரி இல்லை. கோல்பி முதலில் எடுத்தது தாங்கள் சொன்ன யோசனையை. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகை இல்லாமலே போய், அணியின் வாசலில் நின்று, "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது. அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டும் பயிற்சியில் அடிவாங்கிவிட்டு, ஆட்டத்தன்று சலவை செய்த சட்டையோடு ஓரத்தில் நின்றவர்களே மிகுதி என்று பர்க்ஹார்ட் சொல்கிறார். கான்சாஸில் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டுப் பிறகு பெரிய இடத்துக்கு மாறலாம் என்பது இன்னொரு வழி. அங்குள்ள விடுதி அறையின் படத்தைப் பார்த்துவிட்டு மார்னி அதற்குத் தடை விதித்தாள். படத்தில் இருந்தது அறைதானா என்பதே அவளுடைய முதல் கேள்வி.

மிஞ்சியது கல்லூரி ஃபுட்பாலின் கடைசித் தட்டான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள். அயோவாவில் உள்ள ஆல்டன்ரிட்ஜ் என்ற சிறு கல்லூரியின் பயிற்சியாளர் ட்ரெவினோ, பர்க்ஹார்ட் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கே வந்தார். மார்னி சில்லி இறைச்சிக் குழம்பும் இனிப்பான சினமன் ரோலும் வைத்தாள். மனிதர் ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்துச் சாப்பிட்ட விதத்திலேயே நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்துவிட்டது.

"உங்க வீடியோவை மூணு தடவை பாத்தேன் சார். பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன். பெத்த பிள்ளை தவறவிட்டதை எல்லாம் மெதுவா ஓடவிட்டு, கீழ எழுத்தும் போட்டு அனுப்பின அப்பாவை இப்பத்தான் பாக்கறேன்."

கோல்பியின் கரண்டி பாதியில் நின்றது. "என்னது?"

"பதினோரு தடவை தவறவிட்டிருக்கேப்பா. ஏழாவதுல 'மேற்படி ஆட்டக்காரர் எதிர்த்திசையில் ஓடுவதைக் காண்க'ன்னு போட்டிருந்துச்சு."

"அப்பா, முப்பத்துநாலு காலேஜுக்கும் இதையா அனுப்பினீங்க?"

"உண்மையை மறைத்துப் பெறும் சம்மதம் செல்லாது, கோல்பி."

"சம்மதமே வரலையேப்பா."

இதற்கு நான் தக்க பதில் வைத்திருந்தேன். மார்னி என் தட்டில் இன்னொரு ரோலை வைத்துவிட்டாள். ட்ரெவினோ வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க இடத்துல ஆட்டத்துக்குன்னு ஒரு டாலர் தர முடியாது, விதி அப்படி. மார்க்குக்கு ஏதாவது கிடைக்கும். பையன் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுறான். ஆனா பந்து எங்க போகும்னு மத்தவங்களுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியுது. வாடா, ஆடலாம்." கோல்பி அப்போதே தலையாட்டிவிட்டான். ஒன்பது மாதத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி புதன்கிழமை. அரங்கில் முந்நூறு பேர். மூன்று பையன்கள், மூன்று மேசை, மேலே கல்லூரித் தொப்பிகள். மற்ற இருவர் கையெழுத்திட்டது முறையான ஒப்பந்தம். கோல்பியின் முன் இருந்தது ஆல்டன்ரிட்ஜ் அனுப்பிய ஓர் அலங்காரத் தாள். மூன்றாம் பிரிவில் அப்படித்தான் வழக்கமாம். முன்வரிசையிலிருந்து எட்டிப் படித்தேன். "இக்கல்லூரியில் சேரும் என் விருப்பத்தைக் கொண்டாடுகிறேன்" என்று ஒரு வரி, சுற்றிலும் தங்க நிறத்தில் பூவேலை. கல்லூரிக்குக் கடமை ஏதும் இல்லை. காலவரையறை இல்லை. இதை நம்பிப் பையன் போய் நின்று, ஆகஸ்டில் "இடமில்லை, தம்பி" என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்த ஒரு பயம்தான் எனக்கு. மைத்துனரே, வேறு எந்த எண்ணமும் இல்லை. எழுந்து போய்த் தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது தற்செயல். "இந்த ஆவணம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது என்பதைப் பெற்றோர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்றேன்.

"அப்பா, உக்காருங்க" என்றான் கோல்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரண்டே திருத்தம்."

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பார்க்கட்டும். சாட்சிகளும் தேவைதான்."

"அம்மா, இவரைக் கூப்பிடேன்."

"அவரு என்னைக்குடா நான் கூப்பிட்டு வந்தாரு?" என்றாள் தங்கள் தங்கை, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

கோல்பி மேசையைச் சுற்றி வந்தான். முழங்கால் மடங்கியது, தோள் என் விலாவுக்குக் கீழே வந்தது, என் இரண்டு காலும் தரையில் இல்லை. பதினெட்டு அடி என்னைத் தூக்கிக்கொண்டு போய், என் நாற்காலியிலேயே, ஒரு பூச்சாடியை வைப்பதுபோல இறக்கி வைத்தான். கையிலிருந்த தாளை மெதுவாக உருவிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டான். பேண்டுக்காரர்கள் யார் சொல்லி வாசிக்கத் தொடங்கினார்கள் என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

ஆகவே கோல்பி ஆல்டன்ரிட்ஜ் போகிறான். இது இறுதியானது, மாற்றத்துக்கு உட்பட்டதல்ல. மாநிலப் பல்கலைக்கழகத்தில் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதுபற்றி இனிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரங்கில் படம் பிடித்த நால்வரிடமும் நேரில் பேசி, அழித்துவிடுவதாக வாய்மொழி உறுதி பெற்றிருக்கிறேன். விஷயம் இத்தோடு முடிந்தது.

பனி விலகி, தங்கள் சோள வயலில் இந்த ஆண்டும் உழவு நல்லபடி தொடங்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனன்,
லைல் ஹாக்பெர்க்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். வாய்மொழி உறுதியை நான் நம்பியிருக்கக் கூடாது. அந்தக் காட்சியை நேற்றுவரை தொண்ணூறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இன்று காலை தெற்கு டகோட்டாவிலிருந்து ஓர் இரண்டாம் பிரிவுக் கல்லூரியின் பயிற்சியாளர் அழைத்தார். "பையன் இடுப்பை இறக்கித் தூக்குற அழகைப் பாத்தேன் சார், அப்படியே பாடப்புத்தகம். ஒரு சந்தேகம், நீங்க எவ்வளவு எடை?" என்றார். நூற்றுத் தொண்ணூறு பவுண்டு என்றேன். "அப்ப பாதிக் கட்டணம் உதவித்தொகையாத் தரலாம். இருநூத்திநாப்பது இருந்திருந்தா முழுசாவே கேட்டு வாங்கியிருப்பேன்" என்றார். நான் இருநூற்று நாற்பத்து மூன்று பவுண்டு. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு விளக்கம் ஏதும் இல்லை. திருமண நாளன்று அது உண்மையாக இருந்தது.

ட்ரெவினோவிடம் கோல்பி பேசிவிட்டான். "நானா இருந்தாலும் போவேன்டா" என்றாராம். அந்தத் தாள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று நானே ஒலிவாங்கியில் சொன்னது பதிவாகியிருப்பதால், அவன் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே மேலே "இறுதியானது" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

கோல்பி இப்போது குளியலறை எடை இயந்திரத்தைக் கொண்டுவந்து என் அலுவலறை நடுவில் வைத்திருக்கிறான். எண்ணைப் படம் பிடித்து அந்தப் பயிற்சியாளருக்கு அனுப்பக் கையில் கைபேசி. முழு உண்மையும் வெளிவரட்டும் என்று நான் குனிந்து காலணியைக் கழற்றப் போனேன்.

"ஷூ இருக்கட்டும்பா. கோட்டும் இருக்கட்டும்."

"அது முறையல்ல, கோல்பி."

"தூக்கினப்ப ரெண்டும் போட்டுத்தானே இருந்தீங்க?"

இந்த வாதம் சட்டப்படி செல்லும். ஏறப்போகிறேன்.