சுண்ணாம்புக் கோட்டில் ஓர் ஆபீஸ்

ஒரகடம்,
ஆகஸ்ட் 1984

அன்புள்ள மாப்பிள்ளை இருதயசாமி அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துதான் இதை எழுதுகிறேன். நீங்களும் என் தங்கை கிளாராவும் குழந்தைகளும் மாதாவின் தயவில் சுகமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேற்றுகூட எதிர் மேஜையில் வறுகடலை தின்றுகொண்டிருந்தீர்கள். என் சுகத்தை நீங்கள் விசாரிக்கமாட்டீர்கள். உங்கள் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனான என்னை, பாயசம் தீர்ந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார வைத்தபோதும் விசாரிக்கவில்லை. அதை நான் என்றோ மறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டு மரியாதையாக இருந்தவனை, "மச்சான், கம்பெனி வளருது, படிச்ச ஆள் வேணும். உங்களுக்குன்னு கதவு போட்ட தனி ரூம் தர்றேன்" என்று சொல்லி அழைத்து வந்தவர் நீங்கள். வந்து பார்த்தால் சிங்கப்பெருமாள் கோவிலில் மாவு மெஷினுக்கு மேலே ஒரே ஒரு ரூம். கீழே மிளகாய் அரைப்பார்கள். மேலே நாம் தும்மிக்கொண்டே டெண்டர் போடுவோம். அப்படியும் ஷெட் கட்டும் வேலைகள் வந்து குவிந்தன. என்ஜினீயர்கள் கூடினார்கள், நாற்காலி கூடவில்லை. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்ற நிலை வந்த பிறகுதான் ஒரகடத்தில் மனை வாங்கினீர்கள்.

நான் கிராஃப் தாளில் பிளான் போட்டுக் கொடுத்தேன். கிழக்கே ஜன்னல் வைத்த என் ரூம், டைப் அடிக்க ஓர் இடம், என்ஜினீயர்களுக்கு ஹால், எல்லாம் அளவோடு. நீங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காயிதத்துல பாத்தா எனக்கு ஏறாது மச்சான், தரையில போட்டுப் பாத்துருவோம்" என்றீர்கள். அஸ்திவாரம் தோண்டுமுன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கோட்டுக்குள் மேஜை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டி, ஆபீசையே அங்கே நடத்திப் பார்த்த கம்பெனி இந்த ஜில்லாவில் நம்முடையது ஒன்றுதான். கேட்டதற்கு, "குடியிருந்து பாத்தாத்தான் இடைஞ்சல் தெரியும். செவுரு வச்சப்புறம் இடிக்கறது யாரு?" என்றீர்கள்.

அதிலிருந்து நான் பட்டது கொஞ்சமல்ல. முதல் நாள் அவசரமாகக் கோட்டைத் தாண்டிவிட்டேன். டைப்பிஸ்ட் காஞ்சனா தலை நிமிராமல், "சார், செவுத்துக்குள்ள பூந்து வர்றீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்; நீங்கள்தான் அதிகம். மறுநாள் வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாடு வந்து என் ரூமில் நின்று, என் சாப்பாட்டு இலையைச் சோற்றோடு தின்றது. விரட்டச் சொன்னால் மேஸ்திரி தணிகாசலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அத்த இன்னாத்துக்கு சார் வெரட்டறே? வாசப்படி வழியாதான் வந்துச்சு. ஒன்ன மாறி செவுத்த தாண்டல" என்கிறான். அதற்கும் சிரிப்பு.

பிறகு மழை. கோடெல்லாம் கரைந்தது. தணிகாசலம் ஞாபகத்தில் திரும்பப் போட்டான். அவன் ஞாபகத்தில் என் ரூம் இரண்டடி குறைந்திருந்தது. புது என்ஜினீயர் ஒருவர் சேர்ந்தார், என் ஜன்னல் போயிற்று. இன்னொருவர் சேர்ந்தார், ஜன்னல் இருந்த சுவரும் போயிற்று. போன வாரம் வந்து பார்க்கிறேன், என் மேஜை ஒரு மூலையில் குட்டிச் சதுரத்துக்குள் கிடக்கிறது.

"இது என்னய்யா?" என்று தணிகாசலத்தைக் கேட்டேன்.

"கக்கூசு சார். இன்னிக்கு ஒரு நாளு குந்திக்கோ. நாளைக்கு வேற எடம் பாக்கலாம்."

அன்றைக்குப் பார்த்துத்தானா வல்லம் வடகால் பக்கம் நம்மை ஷெட் கட்டச் சொன்ன ஃபாக்டரியின் மெட்ராஸ் என்ஜினீயர் வரவேண்டும்! மேனேஜரான என்னைப் பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். தணிகாசலம் கையை நீட்டி மறித்து, "கக்கூசுல கீறாரு சார், செத்த நில்லுங்கோ" என்றான். ஐந்தடி தூரத்தில் நான் பேனாவோடு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் அந்த மனிதர் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டு வயலைப் பார்த்தார். நான் எழுந்து, இல்லாத கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவேண்டியதாயிற்று. "கட்டாத செவுத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடா?" என்று சொல்லி, கேன்டீன் வேலையையும் நமக்கே கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் தணிகாசலத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கு?

எனவே கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் என் ரூம், நாலு சுவரும் கதவுமாக, முடிவாகவேண்டும். இல்லையேல் நான் சரித்திரத்துக்கே திரும்பிவிடுவேன். கிளாராவுக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு முத்தங்கள். உங்களுக்கு நல்ல புத்தி வர அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

பின்குறிப்பு: இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வந்தபோது, நீங்கள் உங்கள் ரூம் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தீர்கள். "சைட்டுல கெடக்கறவனுக்கு ரூம் எதுக்கு மச்சான்? இத நீங்க வச்சிக்குங்க" என்றீர்கள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன், பாயசம் நீங்கலாக.

ஆனால் ஒன்று. இதைத் தபாலில் போடாமல் நான் வைத்திருந்த இரண்டு வாரத்தில் அந்த ரூமுக்குச் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் ஏற்றிவிட்டால் காஞ்சனாவும் தணிகாசலமும் போடும் சண்டை எனக்குக் கேட்காது. யார் தாமதமாக வந்தார், யார் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் தெரியாது. நாள் முழுவதும் நான் யார்மேல் கோபப்படுவது? தயவுசெய்து சுவரை இடுப்போடு நிறுத்தச் சொல்லுங்கள். கதவு மட்டும் இருக்கட்டும். அது நீங்கள் கொடுத்த வாக்கு.

தனி ரூமுக்காக இவ்வளவு சத்தம் போட்டவன் இதை எந்த முகத்தோடு கேட்பது? நல்லவேளையாக உங்களுக்குக் கடிதம் படிக்கப் பொறுமை கிடையாது. ஆபீசுக்கு வரும் தபாலைப் பிரித்துப் படித்துக் காட்டுகிறவன் நான்தான். 'மாப்பிள்ளை', 'தங்கை' என்று வரும் இடங்களை விழுங்கிவிட்டு, "எவனோ வேலையற்றவன் எழுதியிருக்கிறான், ஆனாலும் சுவர் விஷயத்தில் அவன் சொல்வது நியாயம்" என்று முடித்துக்கொள்வேன். ஆகையால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.